லவுஞ்சை நம்பி பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா? ராணிப்பேட்டைக்காரனின் ஏழு வருட அனுபவம்

தோல் ஏற்றுமதி வேலை. மிலானில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போய் வருகிறேன். முதலாளி கூட வந்தால் பிசினஸ் கிளாஸ், தனியாகப் போனால் எகானமி.

விடியற்காலை 3 மணி விமானத்துக்கு நாங்கள் இரவு 7 மணிக்கே கிளம்பிவிடுவோம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவது நம் கையிலா இருக்கிறது? மீனம்பாக்கம் சேரும்போது மணி 10. மிச்ச நேரத்துக்கு, பிசினஸ் கிளாஸ்காரர்கள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் லவுஞ்ச் இருக்கிறதே என்று முதல் தடவை நினைத்தேன். செக்-இன் கவுன்டர் திறப்பதே மூன்று மணி நேரத்துக்கு முன்புதான். பெட்டி நிறைய தோல் சாம்பிள், அதைப் போடாமல் உள்ளே நகர முடியாது. இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடித்து லவுஞ்சில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சும். தயிர்சாதம், ஒரு காபி, அவ்வளவுதான்.

லவுஞ்சின் அருமை வழியில் விமானம் மாறும் இடத்தில்தான் தெரியும். தோஹாவிலோ துபாயிலோ மூன்று, நான்கு மணி நேரம் காத்திருக்கும்போது ஒரு வெந்நீர்க் குளியல்! சட்டை மாற்றிக்கொண்டால் மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் இறங்கி நேராகக் கண்காட்சிக்கே போகலாம். காலையில் குளியலறைக்கு வரிசை இருக்கும். அதனால் போனதும் முதலில் அங்கே பெயர் கொடுத்துவிடுங்கள், சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது. இன்னொன்று, பல லவுஞ்சுகளில் போர்டிங் அறிவிப்பே செய்ய மாட்டார்கள். சோபாவில் கண்ணயர்வதானால் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமிக்குப் பெரும்பாலும் லவுஞ்ச் கிடையாது. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு அட்டை இருந்தால், அந்தக் கூட்டணி விமானங்களில் போகும்போது எகானமி டிக்கெட்டிலேயே உள்ளே விடுவார்கள், கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். அடிக்கடி பறப்பவர்களுக்கு அதுதான் லாபம்.

பிசினஸ் டிக்கெட் என்றாலே லவுஞ்ச் உண்டு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒருமுறை ஏஜென்ட் விலை குறைவாக ஒரு பிசினஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். லவுஞ்ச் வாசலில் போர்டிங் பாஸைப் பார்த்த பெண், இந்தக் கட்டணத்தில் அனுமதி இல்லை என்று சிரித்தபடியே சொன்னார். படுக்கை இருக்கை உண்டு, 40 கிலோ லக்கேஜ் உண்டு, லவுஞ்ச் மட்டும் இல்லை. என் கிரெடிட் கார்டைக் காட்டினால் உள்ளே விடும் வேறொரு லவுஞ்ச் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் ஒரு ஆளுக்குத்தான்.

"நீ போய்ச் சாப்பிட்டு வாப்பா" என்றார் முதலாளி.

அவரை வெளியே விட்டுவிட்டு எப்படிப் போவது? இரண்டு பேரும் கேட் பக்கம் போய் உட்கார்ந்து, என் வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தோம்.