கறுப்பு வண்டியை மெருகேற்றக் கொடுப்பவர்களுக்கு: 18,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

என் தந்தை 2010-இல் வாங்கிய கறுப்பு ஹோண்டா சிட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. எஞ்சினில் குறையில்லை. ஆனால் பானட்டும் கூரையும் வெளிறிப் போய், காலை வெயிலில் நிறுத்தினால் வண்டி முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல நுண்கீறல்கள் தெரியும். இதில் பாதிக் குற்றம் எங்கள் வீட்டுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா நாள்தோறும் காலையில் தம் பழைய வேட்டித் துணியால், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், படிந்திருந்த புழுதியோடு சேர்த்தே வண்டியைத் துடைப்பார். பளபளப்பாக்குவதாக நினைத்து அவர் பதினைந்து ஆண்டுகள் தேய்த்தது மணலை. போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டதால் படிந்த வெண்திட்டுகள் வேறு.

திருச்சியில் கார் டீட்டெய்லிங், அதாவது வண்டியின் தோற்றத்தைச் சீர்செய்து மெருகேற்றும் வேலை, செய்யும் ஒரு கடையில் இதைக் காட்டினேன். மூன்று கட்டமாகப் பெயின்டைச் சரிசெய்து, அதன் மேல் மூன்றாண்டு உத்தரவாதத்துடன் செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் இறுகிக் காக்கும் படலம்) அடித்துத் தருவதாகச் சொல்லி 18,000 ரூபாய் கேட்டார்கள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்களே தவிர, எதையும் அளக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு ஏழு மணிக்கு, கடைக்குள்ளேயே, வெள்ளைக் குழல்விளக்குகளின் கீழ் வண்டியை ஒப்படைத்தார்கள். முகம் பார்க்கலாம் போலிருந்தது. உரிமையாளர் பானட்டின் மேல் தண்ணீரைத் தெளிக்க, அது சேம்பிலையில் உருள்வது போலத் திரண்டு ஓடியது. அந்தக் காட்சிக்குத்தான் நான் மயங்கினேன். சாதாரண மெழுகைத் தேய்த்தாலும் தண்ணீர் அப்படியே உருளும் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, அதற்குள் இருமுறை வண்டியைக் கழுவியிருந்த நிலையில், ஒரு பெட்ரோல் பங்கின் உயர்விளக்குகளுக்குக் கீழே நின்றபோது பழைய கீறல்கள் அத்தனையும் திரும்ப வந்திருப்பதைக் கண்டேன். அவற்றோடு முன்பு இல்லாத ஒன்றும் புதிதாக இருந்தது: நான் நகர நகர என்னோடு சேர்ந்து நகரும், எண்ணெய்ப் படலம் போன்ற நீண்ட வரிகள். பானட்டின் இடது மடிப்பில் உள்ளங்கையகலத்துக்கு ஓரிடம் மட்டும் பளபளப்பே இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, பெயின்ட் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனியில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் அடிப்பூச்சான பிரைமரும் நிறமும் போக, மேலே கண்ணாடி போல இருக்கும் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலைத் தாங்குவதும் பளபளப்பைத் தருவதும் இந்தப் படலமே. நாம் பார்க்கும் சுழல்கீறல்களும் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கின்றன. கறுப்பில் மட்டும் அவை இவ்வளவு அப்பட்டமாகத் தெரிவதற்குக் காரணம், இருண்ட பின்புலத்தில் ஒவ்வொரு கீறலின் விளிம்பும் ஒளியைத் தனியாகத் திருப்பி அடிப்பதுதான். கீறலை உண்மையில் நீக்குவது என்றால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் காம்பவுண்டு எனும் அரைக்கும் பசை போட்டுச் சீராகத் தேய்த்துக் குறைப்பது. எனவே நேர்மையான வேலையிலும் சில மைக்ரான் போகும்; போனது திரும்பாது. நேர்மையற்ற வழி எளிது. எண்ணெயும் நிரப்பிகளும் கலந்த கிளேஸைத் தேய்த்தால் கீறல்கள் தற்காலிகமாக அடைபட்டு மறைந்துவிடும். சில முறை ஷாம்பூ போட்டுக் கழுவினால் அவை மறுபடி வெளியே தெரிந்துவிடும்.

என் வண்டியில் கிளியர் கோட்டைத் தேய்த்தும் இருக்கிறார்கள், கிளேஸ் போட்டு மறைத்தும் இருக்கிறார்கள். இதை வேறொரு ஊரில், இருபது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் ஒருவர் எனக்குக் காட்டித் தந்தார். கதவின் ஒரு பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்தார். மிச்சமிருந்த பளபளப்பும் துணியோடு வந்துவிட்டது. முறையாக அடித்து இறுகிய செராமிக் கோட்டிங் அப்படித் துடைத்தால் வராது. நகரும் வரிகளுக்கு, வேகமாகச் சுழலும் ரோட்டரி பாலிஷ் மெஷினில் கம்பளி பேடை மாட்டி அழுத்தி ஓட்டிவிட்டு, அதன் தடத்தை மெல்லிய பாலிஷால் எடுக்காமல் விட்டதே காரணம் என்றார். பிறகு கனம் அளக்கும் கருவியை வைத்தார். கூரை 118 மைக்ரான், கதவு 112, பானட்டின் நடுப்பகுதி 97, சாம்பல் பூத்த அந்த மடிப்பில் 61. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும் என்பதால், தொழில் தெரிந்தவர்கள் அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் மெஷினை வைப்பார்களாம். அங்கே கிளியர் கோட் முழுவதுமாகப் போய்விட்டது. எந்தப் பாலிஷும் இனி அதை மீட்காது.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, "பழைய வண்டி சார், கறுப்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் உரிமையாளர். உத்தரவாத அட்டையை நீட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,500 ரூபாய் கட்டிப் பராமரிப்புக்கு வர வேண்டும் என்றும், வெளியே எங்கு கழுவினாலும் உத்தரவாதம் செல்லாது என்றும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பில் கேட்டேன், வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்தில்லாமல் கொடுத்தார். உரிய பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

வண்டியைக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பகுதியின் கனத்தையும் உங்கள் கண்முன் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்கும் கருவி இல்லாத கடை என்றால் திரும்பிவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் வழக்கமான கருவி அங்கே வேலை செய்யாது. அதைச் சாக்காகச் சொல்லி மற்ற பகுதிகளையும் அளக்காமல் விட இடம் கொடுக்காதீர்கள். பானட்டில் இரண்டடிச் சதுரத்தில் மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லி, அதை ஆல்கஹாலால் துடைக்கவைத்து, வெளியே வெயிலில் நிறுத்திப் பார்த்த பிறகு மீதிக்குச் சம்மதியுங்கள். வெயிலில் காய்ந்த தோல் போலக் கிளியர் கோட் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால், அதைப் பாலிஷில் சரிசெய்வதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார். அதற்குத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. வண்டியை இரவில் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும், கைப்பேசி வழியே பணம் அனுப்பிய பதிவும், என்னென்ன வேலை செய்வோம் என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியதும் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டு அவகாசம் உண்டு. பானட்டுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கூரையிலும் கதவுகளிலும் உள்ள கீறல்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே மெஷினை வைக்க இனி யாரையும் விடுவதாக இல்லை. மைக்ரோஃபைபர் துணியும், ஷாம்பூத் தண்ணீருக்கு ஒன்றும் துணியை அலச ஒன்றுமாக இரண்டு வாளிகளும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நிழலில் நிறுத்தி நானே கழுவுகிறேன்.