சிறு வட்டமா, திறந்த கதவா? புதிய சமூக வலைத்தளத்தை எப்படித் தொடங்குவது

சமூக வலைத்தளம் கட்டுகிறவர்கள் திணறும் இடம் இது: ஒரு சிறு வட்டத்துக்குள் தொடங்கலாமா, முதல் நாளே எல்லோரையும் உள்ளே விடலாமா?

செலவு
சிறு வட்டம்: குறைவு. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார்.
திறந்த கதவு: விளம்பரம், சர்வர் எல்லாம் முன்கூட்டியே வேண்டும்.

வேகம்
சிறு வட்டம்: 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குள் தொடங்கிய ஃபேஸ்புக், எல்லோருக்கும் திறந்தது 2006 செப்டம்பரில்தான்.
திறந்த கதவு: 2023 ஜூலையில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா கொண்டுவந்த த்ரெட்ஸ் தளம் ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. ஆனால் அதற்கு இன்ஸ்டாகிராம் கணக்குகள் கைகொடுத்தன. புதியவருக்கு அந்த வசதி ஏது?

நிலைப்பது
இங்கேதான் பெரிய வித்தியாசம். உள்ளே வருகிறவர் தேடுவது மொத்த எண்ணிக்கையை அல்ல, தெரிந்த முகங்களை. ஒரே கல்லூரியின் 500 பேர் தினமும் பேசிக்கொள்வார்கள். உலகெங்கும் சிதறிய 50,000 பேருக்குப் பேச ஆளே இருக்காது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2011இல் எவ்வளவு பலத்தோடு வந்தது! அப்புறம் 2018இல் கூகுளே சொன்னது: 90 சதவீத வருகைகள் ஐந்து நொடிக்கும் குறைவு. 2019 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

சரி, சிறு வட்டத்திலும் ஆபத்து உண்டு. அடுத்த வட்டத்துக்குத் தாவாமல் அங்கேயே தேங்கிவிடலாம். ஃபேஸ்புக் கல்லூரி கல்லூரியாகத்தான் தாண்டியது.

கையில் ஏற்கெனவே பெரிய பயனர் கூட்டம் இருந்தால், அல்லது முன்பின் தெரியாதவர்களின் வீடியோவைப் பார்ப்பதுதான் பயன் என்றால், திறந்த கதவு சரி. நண்பர்கள் இல்லாமல் பயனே இல்லாத தளம் என்றால், தயங்காமல் சிறு வட்டம்.