கோவை–சென்னை–சிங்கப்பூர்: முழங்கால் தேய்ந்த அம்மாவோடு எகானமி வகுப்பு, வீல்சேர் சேவை

வயதான அப்பா அம்மாவை விமானத்தில் கூட்டிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விமானப் பயணம் பற்றி வரும் விமர்சனங்களில் டிவி திரை எவ்வளவு பெரிது, சாப்பாடு எப்படி, லவுஞ்சில் என்னென்ன கிடைத்தது என்றுதான் இருக்கிறது. படி ஏற முடியாத ஒருவர் காரைவிட்டு இறங்கியதிலிருந்து சீட்டில் உட்காரும் வரைக்கும் என்ன ஆகிறது என்று தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, சர்க்கரை உண்டு, இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பார், படி என்றால் முடியாது. அக்கா சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறார், அவரைப் பார்க்கத்தான் போனோம்.

சென்னை–சிங்கப்பூர் பகுதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி. அதற்கு நான் மனதாரப் பாராட்டுத்தான் சொல்வேன். கோவை–சென்னை பகுதி ஓர் உள்நாட்டு விமான நிறுவனம், தனி டிக்கெட். அது மோசம். அந்தப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அங்கே நடந்தது வேறு நிறுவனங்களிலும் நடப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், ஒரு பெயரைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலில் வீல்சேர் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. டிக்கெட் போடும்போது "வீல்சேர் வேண்டும்" என்று ஒரு கட்டத்தைக் குறித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். விமான நிறுவனங்களுக்குள் அது மூன்று வகை. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் பயணி படி ஏறி இறங்குவார், விமானத்துக்குள்ளும் நடப்பார், நீண்ட தூரத்துக்கு மட்டும்தான் நாற்காலி வேண்டும் என்று பொருள். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் உள்ளே தன் இருக்கை வரைக்கும் நடந்துபோவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்குமே தூக்கியோ குறுகிய நாற்காலியில் வைத்தோதான் கொண்டுபோக வேண்டும். கடைசி ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் விமானம் ஏரோபிரிட்ஜில் (முனையத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடந்துபோகும் பாலம்) நிற்காமல் தூரத்தில் நின்று, பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்குக் கீழே இறக்கிவிடும் அன்றைக்கு அந்த ஓர் எழுத்துதான் எல்லாம். ஆர் என்று இருந்தால் உங்களைப் படியில் ஏறச் சொல்வார்கள். எஸ் அல்லது சி என்று இருந்தால் ஆம்புலிஃப்ட் என்கிற தூக்கி வண்டியோ சாய்வுப் பாதையோ கொண்டுவந்தாக வேண்டும்.

கோவையில் நடந்தது இதுதான். கால் சென்டரில் நான் தெளிவாக, இரண்டு தடவை, படி ஏற மாட்டார் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண்ணும் "நோட் பண்ணிட்டேன் சார்" என்றார். செக்-இன் கவுண்டரில் பார்த்தால் ஆர் என்று போட்டிருக்கிறார்கள். மாற்றச் சொன்னேன், கேட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்கள். கேட்டில் இருந்தவர் கீழே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். கீழே, படிக்குப் பக்கத்தில், வெயிலில், வாக்கி டாக்கி வைத்திருந்த இளைஞர் ஒருவர் ஆம்புலிஃப்ட் கேட்டால் இன்னும் அரை மணி நேரம் ஆகும், விமானம் ஏற்கனவே தாமதம் என்றார். அவர் முகத்திலும் பாவம் சங்கடம்தான். ஆனால் அந்தச் சங்கடத்தைத் தாங்கியது என் அம்மாவின் முழங்கால். "விடுடா, ஏறிக்கிறேன், எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார், பின்னால் பயணிகள் வரிசை காத்திருந்தது. எனக்கு வலித்தது அந்த "எல்லாரும் பாக்கறாங்க" தான். உதவி கேட்பது ஓர் இடைஞ்சல் என்று அந்த வயதில் ஒருவரை நினைக்க வைப்பது சேவை ஆகாது.

அன்றைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாமதம் வேறு. இங்கே விதி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்: பறக்கும் நேரம் இரண்டரை மணி வரைக்கும் உள்ள விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் காத்திருக்கும் பயணிக்கு இலவசமாகச் சாப்பாடோ சிற்றுண்டியோ கொடுக்க வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதுவாக வராது, கேட்க வேண்டும். கேட்டபிறகு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஜூஸும் வந்தது. சர்க்கரைக்காரருக்கு அது இரண்டுமே ஆகாது, ஆகையால் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லிதான் காப்பாற்றியது. வீல்சேர் உதவிக்கும் இப்படித்தான், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

இதையெல்லாம் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவர், கிடைத்த ஒரு வீல்சேரில் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தான் கூடவே நடந்து, குடியேற்றப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு வருகிறேன்.

சென்னையின் புதிய பன்னாட்டு முனையம், 2023 ஏப்ரலில் திறந்தது, நல்ல வெளிச்சமும் இடமும் உள்ள கட்டடம். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது என்னிடம் இல்லை, அம்மாவிடம். "அம்மா, நீங்க படி ஏறுவீங்களா? சீட்ல இருந்து நீங்களா எந்திரிச்சுக்குவீங்களா?" இந்த இரண்டு கேள்வியில் எல்லாம் வந்துவிடுகிறது. அந்த எழுத்தைச் சரியாகப் போட இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, வீல்சேர் தள்ளுபவர் வரும் வரைக்கும் எங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த பயணியைக் கவனித்தார். வந்தவரும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியைத் தொட்டார். பாதுகாப்புச் சோதனை, குடியேற்றம் இரண்டும் தனி வரிசை, வேகமாக முடிந்தது.

விமானம் ஏர்பஸ் ஏ350. இந்த மாதிரி நடுத்தர தூர ஏ350-களில் 303 இருக்கைகள், அதில் 263 எகானமி, மூன்று மூன்று மூன்றாக. முன் இருக்கைக்கும் நமக்கும் உள்ள இடைவெளி 32 அங்குலம் அளவில் இருக்கும். குறைந்த கட்டண விமானங்களில் இது 28, 29 அங்குலம்தான். மூன்று நான்கு அங்குலம் எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லை, முழங்காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்காருகிறவருக்கு அது ரொம்பப் பெரிது. இன்னொன்று, ஏ350, போயிங் 787 இரண்டிலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள், பழைய விமானங்களில் 8,000 அடி வரைக்கும் போகும். இதனால்தானா என்று எனக்கு உறுதியில்லை, ஆனால் இறங்கும்போது அம்மாவுக்குத் தலைபாரமும் இல்லை, செருப்புப் போட முடியாத அளவுக்குக் கால் வீக்கமும் இல்லை.

இருக்கை எடுப்பது பற்றி: மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டில் இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தனியாகக் காசு. கொடுத்துவிடுங்கள். நடைவழி ஓரம், கழிப்பறையிலிருந்து நாலைந்து வரிசை தள்ளி, அதுதான் நல்ல இடம். முதல் வரிசை கால் நீட்ட வசதி என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள், ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி மேலே தூக்க வராது, குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுதான், தூக்கம் போய்விடும். அவசர வழி வரிசையில் வீல்சேர் பயணியை உட்கார விடமாட்டார்கள். நடைவழி ஓரக் கைப்பிடியின் அடியில், பின்புறக் கீலுக்குப் பக்கத்தில், விரலால் தடவினால் ஒரு சின்ன பட்டன் பல விமானங்களில் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே போகும், பக்கவாட்டில் நகர்ந்து எழுந்துவிடலாம். எங்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்தது விமானப் பணிப்பெண். கேட்கவில்லை, அம்மா உட்காரத் திணறுவதைப் பார்த்துவிட்டு வந்து செய்தார். கழிப்பறை வரைக்கும் போவதற்குக் குறுகலான மடக்கு நாற்காலி ஒன்று விமானத்திலேயே இருக்கிறது, வேண்டுமானால் பெல்லை அழுத்துங்கள் என்றும் சொல்லிவைத்தார். அம்மா அதைப் பயன்படுத்தவில்லை. இருக்கிறது என்று தெரிந்ததால் தண்ணீர் குடித்தார். மற்ற விமானங்களில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார், நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பிடிவாதம் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பணிப்பெண்ணுக்கு நன்றி சொல்லி விமான நிறுவனத்துக்கு எழுதினேன்.

சாப்பாடு சுமார். சிறப்பு உணவை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தியச் சைவமா, சர்க்கரை நோயாளிக்கான உணவா, ஏதாவது ஒன்றுதான். இந்தியச் சைவம் எடுத்தோம், சாதமும் பனீரும் பருப்பும் வந்தன, வடக்கத்திய ருசி, காரம் கம்மி. அம்மாவுக்கு ஒரு கரண்டி தயிர்சாதம் இருந்திருந்தால் போதும். ஆனால் சிறப்பு உணவு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும் என்பது மாத்திரை போடுகிறவர்களுக்கு நல்ல வசதி. இரவு விமானத்தில் சாப்பாடு வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும், சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் வேறு, ஆகவே மாத்திரை நேரத்தை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.

வங்கக் கடலுக்கு மேலே கொஞ்சம் குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிந்ததும் காபி டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வரிசைக்காரர் ஒருவர் கோபப்பட்டார், காபிக்குக்கூட இவ்வளவு காபந்தா என்று. எனக்கு அதில் கோபமே இல்லை. 2024 மே மாதம் இதே நிறுவனத்தின் லண்டன்–சிங்கப்பூர் விமானம் கடுமையான குலுக்கலில் சிக்கி, ஒருவர் இறந்து, பலர் காயம்பட்டு, பாங்காக்கில் இறங்க வேண்டியதானது. பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் கொடுப்பதில்லை என்பது அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாப்பாடு கொடுப்பதையும் நிறுத்தினார்கள். தடுமாறும் கைகளில் கொதிக்கும் காபியை நினைத்துப் பார்த்தால் இது சரியான முடிவு. அவர்கள் அதைச் சிரித்த முகத்தோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னதும் பிடித்திருந்தது.

சாங்கி, சிங்கப்பூர் விமான நிலையம். வீல்சேர் பயணிகள் கடைசியாகத்தான் இறங்க வேண்டும், அது எந்த நிறுவனத்திலும் அப்படித்தான், அதனால் வெளியே காத்திருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் கதவுக்கு வந்தபோது அம்மாவின் பெயர் எழுதிய காகிதத்தோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார், ஐம்பது வயதிருக்கும், சிங்கப்பூர்த் தமிழர். "வாங்கம்மா, பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு வெளிநாட்டு மண்ணில் முதல் குரல் தமிழில் வந்தது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர் என்பதால் கிடைத்த அதிர்ஷ்டம்தான், எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயர் எழுதிய காகிதம் அதிர்ஷ்டம் இல்லை, அது ஏற்பாடு. கதவு, குடியேற்றம், பெட்டி, டாக்சி வரிசை வரைக்கும் அவரே வந்தார், நடுவில் யார் கையிலும் மாற்றிவிடவில்லை. பல இடங்களில் வயதானவர்கள் தவிப்பது இந்தக் கைமாறும் இடங்களில்தான்: ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இங்கயே இருங்க, ஆள் வரும்" என்று சொல்லிப்போவார், அரை மணிக்கு ஆள் வராது.

தள்ளுபவர்களுக்குப் பணம் கொடுப்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பி வரும்போது ஓர் இடத்தில் வாய்விட்டே கேட்டார்கள். கட்டாயம் இல்லை. பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நாள் முழுக்க நடப்பவர்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நான் கொடுக்கிறேன், ஆனால் கேட்டு வாங்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியிருக்கிற சம்பளத்தை யாராவது சரிசெய்ய வேண்டும்.

விலை: இரண்டு பேருக்கும் சேர்த்து, குறைந்த கட்டண விமானத்தைவிடப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்டக் கூடுதல். கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு ஸ்கூட் என்கிற குறைந்த கட்டண விமானம் நேராகப் போகும்போது சென்னை சுற்றி எதற்கு என்று அக்காவே கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கைமாற்றம் குறைகிறது, அது பெரிய லாபம். முழங்கால் ஓரளவு மடங்கும், சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போகலாம் என்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். நாலு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாதவர்களுக்குச் சென்னை ஏ350 தான்.

அடுத்த தடவை கோவை–சென்னைக்கு விமானம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வந்தே பாரத்தில் காலை ஆறு மணிக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை சென்ட்ரல், கதவும் பிளாட்பாரமும் ஏறக்குறைய ஒரே மட்டம், இடையில் எழுந்து நடக்கலாம். மாம்பலத்தில் சித்தி வீட்டில் படுத்து எழுந்து இரவு விமானத்துக்குக் கிளம்பினால் போதும்.