பயிற்சி முகாமா, பக்கத்துப் பாயா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு மூன்று வருடம் ஒருநாள் முகாம் நடத்தினோம். போன ஜூனிலிருந்து அதை விட்டுவிட்டு, முதல் இரண்டு வாரம் பழைய தன்னார்வலர் ஒருவரோடு ஒரே பாயில் உட்கார வைக்கிறோம். இரண்டையும் நடத்திப் பார்த்ததில் என் மனம் பாயின் பக்கம்தான் சாய்கிறது.

முகாமில் ஒரே நாளில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிடலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டை மாதிரி ஒரு மாவட்டம் முழுக்க இறங்கியபோது, கருத்தாளர்கள் பயிற்றுநர்களுக்கும் அவர்கள் தொண்டர்களுக்குமாகப் படிப்படியாகத்தான் பயிற்சி கொடுக்க முடிந்தது. அவ்வளவு பேருக்குப் பாய் போதாது, சரி.

ஆனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மூன்றாவது மாதமும் யார் வருகிறார்கள்? கடைசியாக நடத்திய முகாமுக்கு வந்த பதினான்கு பேரில் நான்கு பேர்தான் தொடர்ந்து வந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு ‘படம்’ என்று எழுத்துக்கூட்ட வராது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி பிரிப்பதை முகாமில் பலகையில் எழுதிக் காட்டியிருப்போம். வகுப்பில் அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “தண்ணி குடிச்சிட்டு வரேன்கா” என்று எழுந்து போவான். புதிதாக வந்தவர் அதைக் குறும்பு என்று நினைப்பார், அல்லது தனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று நினைப்பார். கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்புறம் ஒருநாள், “பரீட்சை இருக்கு மேடம்” என்று செய்தி வரும்.

பாயில் பழைய அக்கா, அவனுக்கு எழுத்து அட்டையைக் கொடுத்து, “பாப்பாவுக்கு நீ காட்டு” என்று ஒரு சின்னப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைப்பார். அவன் வெட்கப்படாமல் படிக்கத் தொடங்குவான். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு விளக்கவுரை வேண்டாம். ஜூனில் வந்த ஆறு பேரில் ஐந்து பேர் இன்றும் வருகிறார்கள். ஒருவர் நின்றுபோனால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான், “அந்த அக்கா இனிமே வர மாட்டாங்களா?” என்று வாரக்கணக்கில் கேட்பார்கள்.

இதில் சுமை பழையவர்களுக்கு. அந்த இரண்டு வாரம் பாடம் மெதுவாகத்தான் நகரும். பழையவர் அதட்டுகிறவராக இருந்தால் புதியவரும் அதட்டவே கற்றுக்கொள்வார். அதனால் யார் பக்கத்தில் யார் என்று நான் யோசித்துத்தான் உட்கார வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் பாய்க்கு விடுவதில்லை. பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, படம் எடுத்துப் பகிரக் கூடாது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் வகுப்புக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுகிறோம். முகாமில் மிச்சம் வைத்திருப்பது அவ்வளவுதான்.

இரண்டே அணிகளை வைத்து, அதுவும் ஒரு சின்ன மையத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் இதைச் செய்து பார்க்கவில்லை. ஐம்பது வயது அம்மா ஒருவர் தன் பெயரை எழுதத் திணறும்போது, பக்கத்தில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குச் சங்கடமாகிவிடலாம்.