அட்மின் பாஸ்வேர்டா, கம்பெனி போர்ட்டலா?

எங்கள் அலுவலகத்தில் நாற்பது சொச்சம் விண்டோஸ் கணினிகள், பாதிக்கு மேல் கணக்குப் பிரிவில். அவற்றைப் பார்த்துக்கொள்வது நான். யாருக்கும் அட்மின் உரிமை கிடையாது, எதை நிறுவ வேண்டுமென்றாலும் என் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். அன்று பார்த்துத்தான் யாரோ ஒருவர் கணினியில் டிஎஸ்சி டோக்கனுக்கான (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) டிரைவர் இல்லை என்று தெரியவரும். "சார், பாஸ்வேர்ட் போட்டுட்டுப் போங்க" என்று போன். நான் வெளியூரில் இருந்தால் தொலைந்தது.

பாஸ்வேர்ட் கொடுக்காமல் நிறுவ வைக்க என்ன வழி? 'ஆல்வேஸ் இன்ஸ்டால் எலிவேட்டட்' என்ற விண்டோஸ் பாலிசியை ஒருவர் சொன்னார். அதை இயக்கினால் எந்த எம்எஸ்ஐ கோப்பும் (விண்டோஸின் ஒருவகை நிறுவல் கோப்பு) சிஸ்டம் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். கதவையே கழற்றி வைத்த மாதிரி. அடுத்தது, எல்லாக் கணினிகளுக்கும் ஓரிடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக மென்பொருளை வெளியிடுவது. செலவில்லை. ஆனால் எம்எஸ்ஐ தவிர வேறெதற்கும் சரிவராது. எங்களுக்கு வேண்டியதில் பாதி இஎக்ஸ்இ கோப்புகள்.

லோக்கல் அட்மின் பாஸ்வேர்டுகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் நல்ல போட்டியாளர். கணினிக்கு ஒரு தனி லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. அவசரத்துக்குப் போனில் சொல்லலாம் (அது ஓ-வா, பூஜ்யமா என்ற விசாரணை தனி). பயன்படுத்தியபின் பாஸ்வேர்ட் தானாக மாறும், ஆனால் நாம் குறைக்காவிட்டால் அதற்கு 24 மணி நேரம் அவகாசம். அதற்குள் பாஸ்வேர்ட் வாங்கியவர் டிரைவரோடு நிறுத்திக்கொள்வாரா?

அதனால் கணினிகளை இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனின் கம்பெனி போர்ட்டல் என்ற செயலிக்கு மாறினோம். நாம் அனுமதித்த மென்பொருள் பட்டியல் மட்டும் ஊழியர்களுக்குத் தெரியும். 'இன்ஸ்டால்' அழுத்தினால் பின்னணியில் சிஸ்டம் கணக்கு நிறுவிக்கொடுக்கும். பாஸ்வேர்ட் யார் கைக்கும் போகாது. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் லைசென்ஸில் இன்ட்யூன் அடக்கம், எங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது அப்டேட்தான். பாஸ்வேர்ட் கொடுத்து நிறுவியது ஒரு வருடம் கழித்தும் அதே பழைய பதிப்பில் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போர்ட்டலில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகச் சேர்த்தவை தானே புதுப்பித்துக்கொள்கின்றன. மற்றவற்றை நான்தான் பொதிய வேண்டும்: இன்ட்யூன் ஏற்கும் இன்ட்யூன்வின் கோப்பாக மாற்றி, கேள்வி கேட்காமல் நிறுவ வைக்கும் சுவிட்சை (கட்டளையோடு சேர்க்கும் சொல்) தேடிப்பிடித்து, நிறுவப்பட்டதைக் கண்டறியும் விதி எழுதி. இந்த விதியில்தான் நான் சறுக்கினேன். பதிப்பு எண் 'இதற்குச் சமம்' என்று எழுதிவிட்டேன். பிரவுசர் தானாக அப்டேட் ஆனதும் போர்ட்டல் அதை 'இல்லை' என்றது. 'சமம் அல்லது அதற்கு மேல்' என்று மாற்றியதும் சரியானது. இப்படிக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டியவை ஆறு. மாதம் அரை நாள் போகிறது. ஆறு அறுபதானால் இதே தீர்ப்பைச் சொல்வேனா என்பது சந்தேகம். மேக் எங்களிடம் இரண்டே இரண்டுதான், அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

லாப்ஸையும் எடுத்துவிடவில்லை, போர்ட்டலே திறக்காத கணினிக்கு வேண்டும். அப்புறம், டோக்கன் டிரைவரைக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் 'கட்டாயம்' என்று வைத்துவிட்டேன், கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடும். 20ஆம் தேதி அவர்களிடம் போய்ப் போர்ட்டலைத் திறங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.