யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் இப்போது பஸ் ஏறுவது குறைவு. வான் பிடிப்பார்கள், இல்லையென்றால் ஆட்டோ. பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னால் "உந்தச் சனத்துக்குள்ள நசிபட்டு என்னத்துக்கு?" என்று வீட்டுக்காரரே மறித்துவிடுவார்கள். இந்தமுறை நான் சிறுப்பிட்டியில் மாமி வீட்டில் நின்றேன். பருத்தித்துறை வீதி நடந்து போகிற தூரம்தான். மாமிக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் நாள்கள் இருந்தன. வாகனம் பிடிப்போம் என்றால் காசை ஏன் கரைக்கிறாய் என்று ஏசுவார். பஸ் நிலையமும் ஆஸ்பத்திரியும் பக்கம் பக்கமாக இருப்பதால் அவருக்கு பஸ்தான் வசதி. அதனால் அவரோடு கனக்க பஸ் ஏறினேன். திரும்பி ரொறன்ரோ வந்த பிறகு சிநேகிதிகள் கேட்கிற முதல் கேள்வி, "பஸ் பயமில்லையோ?"

ஆசனம் கிடைத்து உட்கார்ந்துவிட்டால் அவ்வளவு பயமில்லை. பயமெல்லாம் வாசலில்தான்.

பஸ் வருகிறது, கை காட்டுகிறோம், நிற்கிறது. நிற்கிறது என்பதே கொஞ்சம் தாராளமான சொல். சில பஸ்கள் சில்லு உருண்டபடியே இருக்கும். "அம்மா, கெதியா ஏறுங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு" என்று கொண்டக்டர் சொல்லிக்கொண்டே முதுகில் கை வைத்து ஏற்றுவார். அந்தக் கையில் அக்கறையும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. வலது கால் மிதிபலகையில் பட்டதும் "றைட்" என்று ஒரு தட்டு. இடது கால் இன்னும் தார் ரோட்டில்தான். மாமிக்கு முழங்கால் வாதம். படிகளோ உயரம், இளம் ஆள்களுக்கே எட்டி வைக்க வேண்டும். அவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஏற முதல் தன் பொல்லைத் தூக்கிப் படிக்குக் குறுக்கே வைப்பார். "பொல்லு வாசல்ல கிடக்கிற மட்டும் அவன் றைட் குடுக்க மாட்டான்" என்பது அவருடைய கணக்கு. நான் பார்த்தவரை கணக்குப் பிழைக்கவில்லை.

இறங்குவது இன்னும் மோசம். "இறக்கம் இருக்கு" என்று முன்னாலிருந்து பின்னால்வரை குரல் போனால்தான் நிற்கும். அதற்குள் ஓடுகிற பஸ்ஸில் எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துவிட வேண்டும், ஆசனத்தில் இருந்துகொண்டு நிற்கும்வரை பார்த்திருந்தால் உங்கள் இடம் தாண்டிப் போய்விடும். விழுகிறவர்களில் பாதிப்பேர் இந்த நேரத்தில்தான் விழுகிறார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, இறங்கியாகிவிட்டது என்றால் அதுவும் முடிவில்லை. பஸ் ஓரம் கட்டாமல் பாதித் தார் ரோட்டில் நிற்கும், அதற்கும் ஓரத்துக்கும் நடுவே இடப்பக்க இடைவெளியால் மோட்டார்சைக்கிள் ஒன்று புகுந்து போகும். இறங்க முதல் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பதை நான் பெறாமகளிடம் கேட்டுத்தான் பழகினேன். ரொறன்ரோவில் தெரு ட்ராம் கதவு திறந்தால் பின்னால் வருகிற கார் அத்தனையும் நின்றுவிட வேண்டும், அது சட்டம். அங்கே அந்தச் சட்டத்துக்குப் பழகிய கால் இங்கே யோசிக்காமல் இறங்கப் பார்க்கும்.

ரொறன்ரோ பஸ்ஸிலும் பயணிகளுக்கு ஆசனப்பட்டி கிடையாது, நின்றுகொண்டு போகிறவர்களும் ஏராளம். அதனால் "அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே எல்லாம் குழப்பம்" என்று சொல்ல வரவில்லை. வித்தியாசம் கதவில் இருக்கிறது. அங்கே பின்கதவு திறந்திருக்கும்வரை பஸ் நகராது, கதவையும் பிரேக்கையும் சேர்த்தே கட்டி வைத்திருக்கிறார்கள். சாரதி அவசரக்காரராக இருந்தாலும் பஸ் அசையாது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பொறுப்பு முழுக்க ஒரு கொண்டக்டரின் கையிலும் வாயிலும் இருக்கிறது. அவர் அந்த நேரம் காசு எண்ணிக்கொண்டிருப்பார், பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு பிள்ளையின் புத்தகப்பையை உள்ளே வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு விஷயத்தில் ஊர் முந்திவிட்டது என்றும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் 1991இல் இரவு நேரத்தில் பெண்கள் கேட்டால் தரிப்பிடங்களுக்கு இடையிலும் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள், பிறகு அது எல்லாருக்குமாக ஆனது. எங்கள் ஊரில் இதற்குத் திட்டமும் அறிவிப்பும் தேவைப்படவில்லை. பொழுதுபட்ட பிறகு "தம்பி, ஒழுங்கை முகப்பில நிப்பாட்டுங்கோ" என்றால் நிப்பாட்டுவார்கள். ஒரு நாள் எங்களை இறக்கிவிட்டு, மாமி வீதியைக் கடக்கும்வரை கொண்டக்டர் நடுரோட்டில் நின்று வாகனங்களைக் கை காட்டி மறித்தார். அதே ஆள்தான் காலையில் அவர் ஏற முதல் றைட் கொடுக்கப் பார்த்தவர்!

இந்த மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். காசு வருகிற முறைதான் அவர்களை ஓட வைக்கிறது. 1958இல் நாடு முழுக்க பஸ் சேவையை அரசு எடுத்துக்கொண்டது, 1970களின் இறுதியில் தனியாரையும் விட்டார்கள். அன்றுதொட்டு ஒரே வீதியில் அரசின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே சனத்துக்காக ஓடுகின்றன. தனியார் பஸ்ஸில் பொதுவாக அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் அன்றைய வருமானம். முதலாளிக்கு ஒரு தொகை, டீசலுக்கு ஒரு தொகை, மிச்சம்தான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும். ஆகவே சனம் இருக்கிற இடத்தில் பஸ் நத்தையாக நகரும். ஆள் நிரம்பியதும், அல்லது கண்ணாடியில் அடுத்த பஸ் தெரிந்ததும், நீர்வேலியிலிருந்து கோப்பாய் வரை பறக்கும். ஒரு தரிப்பிடத்தில் ஒரு கிழவி ஏறி இருக்கிறவரை பொறுத்திருந்தால் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கிற பத்துப் பேரைப் பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான். வாசலில் விழும் அந்த அவசரத்தட்டுக்குக் காரணம் இதுதான். சாரதிக்குப் பாடம் எடுப்பதைவிட நேர அட்டவணையை ஒழுங்காகப் பிரித்து, அதைக் கண்டிப்பாகப் பார்ப்பது கனக்கக் கால்களைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடு தனிக்கதை. சீசன் டிக்கெட் வைத்திருக்கிற பிள்ளைகள் கூட்டமாக நின்றால் கண்டும் காணாததுபோல் போய்விடுகிற பஸ்கள் உண்டு. ஆகவே நிற்கிற பஸ்ஸில் எல்லாரும் ஒரேயடியாக ஏறுகிறார்கள், பையன்கள் மிதிபலகையில் தொங்குகிறார்கள். மினிபஸ் என்றால் நடைபாதையிலும் மடிப்பு ஆசனம் விரித்து ஆள் இருக்கும். அவசரத்துக்கு வெளியேறும் வழி என்று கண்ணாடியில் எழுதியிருக்கும், அதுவரை போய்ச் சேருவதற்குத்தான் வழி இல்லை.

நாட்டில் வீதி விபத்தில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 மே 11 அன்று கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலைப் பக்கம் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு ஜூலை 1 முதல் பஸ் சாரதிகள் ஆசனப்பட்டி கட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். செப்டெம்பரில் எல்ல வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. ஊரில் நான் ஏறிய பஸ்களில் சில சாரதிகள் பட்டி கட்டியிருந்தார்கள். சிலர் தோளில் சும்மா போட்டிருந்தார்கள், பொலிஸைக் கண்டால் இழுத்துக் கொழுவுவதற்கு. அந்த வருடத் தொடக்கத்தில் பஸ்களில் மேலதிகமாகப் பூட்டிய அலங்காரங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியதும் பெரிய சச்சரவானது. எங்கள் பக்கத்து பஸ்களின் முன்கண்ணாடியில் பிள்ளையாரும் மாதாவும் பூமாலையும் மினுக்கு லைட்டுமாக ஒரு திருவிழாவே நடக்கும். சாமி இருக்கட்டும், கண்ணாடியின் பாதியை மறைக்காமல் இருந்தால் சரி.

பெண்களுக்குப் பாதுகாப்பு என்றால் விழாமல் ஏறுவது மட்டுமில்லை. பெறாமகள் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கிறவள். எங்கே நிற்பது என்று அவளிடம் ஒரு வரைபடமே இருக்கிறது: பின்வாசலுக்குக் கிட்ட நிற்பதில்லை, புத்தகப்பை முன்பக்கம், அம்மாமார் இருக்கிற ஆசனத்தோடு ஒட்டி. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 சதவீதப் பெண்கள் சொன்னார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 சதவீதம். இதை அவளுக்குச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை, "போய் என்ன சொல்றது சித்தி, அவன் முதலே இறங்கிப் போயிருப்பான்" என்றாள். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் இதற்கு 5 வருடம் வரை சிறை இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. இருந்தாலும் அந்தக் கணத்தில் உதவுவது சட்டம் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்தான். அவளுடைய பஸ்ஸில் ஒருமுறை ஒரு அம்மா "என்ன தம்பி, கம்பி மேல இருக்கு, கையை அங்க வை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். கொண்டக்டர் அடுத்த தரிப்பிடத்தில் அந்த ஆளை இறக்கிவிட்டாராம். காசையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சிரித்தாள்.

முறையிடுவதற்கு வழி இருக்கிறது, நம்மவர்கள் செய்வதில்லை. மாகாணங்களுக்கு இடையில் ஓடுகிற பஸ்களைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பார்க்கிறது, அதன் இலக்கம் 1955. உள்ளூர்த் தனியார் பஸ்கள் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் கீழ். எங்கே முறையிட்டாலும் பஸ் இலக்கமும் நேரமும் இடமும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஏற முதல் இலக்கத்தகட்டை ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். டிக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், அந்த பஸ்ஸில் நீங்கள் போனதற்கு வேறு சாட்சி கிடையாது. காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு எடுப்பதில்லை. வடக்குக்கு அது 2018இல் வந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்குகிற நேரத்தைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். கிளினிக்குக்கு விடிய வெள்ளனப் போக வேண்டியவர்களுக்கு அது தானாகவே நடந்துவிடுகிறது.

கொழும்புக்குத் திரும்பியது இரவு பஸ்ஸில். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வன்னிக்குள் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், அதைவிடச் சாரதியின் கண்ணில் நித்திரை இருக்கும். ஏசி இருக்கிறதா, சார்ஜ் போடலாமா என்று கேட்கிற நாங்கள் கேட்க மறக்கிற கேள்வி, எத்தனை சாரதி என்பது. டிக்கெட் பதிகிற இடத்தில் நான் அதைக் கேட்டேன். மேசையில் இருந்த பொடியன் நிமிர்ந்து பார்த்தான், ஒருவரும் கேட்பதில்லைப் போலிருக்கிறது. "ரெண்டு பேர் அக்கா. முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டு ஒராள் படுப்பார், வவுனியா தாண்ட அவர் எடுப்பார்" என்றான். நான் வவுனியா வரை கண் மூடாமல் இருந்தேன். சொன்னபடி ஆள் மாறினார்கள். புதிதாக வந்தவர் ஏறி இருந்து, முதல் வேலையாகப் பட்டியைக் கொழுவினார், பொலிஸ் ஒன்றையும் காணவில்லை.