இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் சர்க்கரைப் பாடநூல்

நோய் எதிர்ப்பு மண்டலம் படிக்கிற மாணவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, செல்களில் உள்ள சர்க்கரைகளைப் பற்றிய பாடநூலான ‘எசென்ஷியல்ஸ் ஆஃப் கிளைக்கோபயாலஜி’தான். 1999இல் முதல் பதிப்பு, 2022இல் நான்காவது. அமெரிக்க அரசின் உயிரித் தகவல் மையமான என்சிபிஐயின் புக்‌ஷெல்ஃப் தளத்தில் காசில்லாமல் முழுவதும் படிக்கலாம்.

முதன்மைப் பதிப்பாசிரியர் அஜித் வர்க்கி, நம்ம வேலூர் சிஎம்சியில் மருத்துவம் படித்து, பிறகு சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செல்களின் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைகளுக்காகவே பல பத்தாண்டுகளைக் கொடுத்தவர். அவர் வாழ்நாள் வேலையின் சாரம், செல் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சையாலிக் அமிலம் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. சிம்பன்சி உட்படப் பெரும்பாலான பாலூட்டிகள் உண்டாக்கும் நியூ5ஜிசி என்ற சையாலிக் அமில வகையை நம்மால் உண்டாக்க முடியாது, அதை உண்டாக்கும் நொதிக்கான சிஎம்ஏஎச் மரபணு மனிதரில் செயலிழந்துவிட்டது. ஆனால் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வழியாக அது கொஞ்சம் நம் திசுக்களில் சேர, நம் உடலிலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. படித்தபோது அசந்துபோனேன்!

அப்புறம் சிக்லெக் அத்தியாயம். வெள்ளணுக்களில் இருக்கும் இந்த ஏற்பிகளில் பல, சையாலிக் அமிலத்தைத் தொட்டதும் ‘இது நம்ம செல்’ என்று அடங்கிவிடும், புற்றுநோய்ச் செல்கள் அதே சர்க்கரையை அடர்த்தியாகப் போர்த்திக்கொண்டு தப்பிப்பதும் இதனால்தான்.

குளுக்கோஸுக்கு நீல வட்டம், நம் உடலின் முக்கியச் சையாலிக் அமிலமான நியூ5ஏசிக்கு ஊதா வைர வடிவம் என்ற வண்ணக் குறியீடுகளை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள், படங்கள் சட்டென்று புரியும். உயிர்வேதியியல் அடிப்படை இல்லாதவர்களுக்கு ரொம்பக் கடினம். முதுகலை மாணவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.